தேர்தல் ஞாயிறன்று பட்டணம் பார்ப்பது எப்படி

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீயும் பிலோமினாவும் சுகம், காரைக்காலில் விடாத மழை, உன் ஆபீசுக்குப் புதுத் துரை வந்திருக்கிறார் என்பதையெல்லாம் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த பத்தியை வாசிக்கவில்லை. பிலோமினா பெரிய ஊர் எதையும் பார்த்ததில்லை, அதனால் அடுத்த மாதம் அவளைச் சென்னைப்பட்டணத்துக்கு அழைத்துப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேனே, அப்போது போட்ட மாதிரி ஒரு திட்டம் போட்டுக் கொடு என்கிறாய். உன் வாழ்நாளில் அதைப்போல் சந்தோஷமான நாட்கள் இல்லை என்கிறாய். நீ சொல்லும் ஞாயிற்றுக்கிழமை தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. தற்செயலாக அமைந்தது என்று நானும் நம்பியிருப்பேன். ஆனால் கடைசியில், உன் பெயருக்கு மேலே, ‘ஓட்டு மேசையில் என்னையும் உட்காரச் சொல்கிறார்கள், அன்றைக்கு நான் ஊரில் இருக்கமாட்டேனே’ என்று ஒரு வரி ஒண்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும். உட்கார்ந்து வாசி.

பிரெஞ்சுக் கொடியின் கீழ் வாழும் நமக்கு ஓட்டு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரனிடம் இருக்கிறவர்கள் அதற்காக நம்மைப் பார்த்து ஏங்குவதாகச் சொல்கிறார்கள். ஏங்க வேண்டியதுதான். அங்கே உயிரோடு இருப்பவர்களில் சிலருக்குத்தான் ஓட்டு. இங்கே செத்தவர்களுக்கும் உண்டு. ஆனால் தேர்தல் மாதம் பிறந்ததும் புதுச்சேரியில் சில குடும்பங்களுக்குத் திடீரென்று கட்டடக் கலையில் ஆர்வம் வந்துவிடும். அதுவரை கடற்கரைக்குக்கூடப் போகாதவர்கள், ஹைகோர்ட்டுக் கோபுரத்தைப் பார்க்காமல் செத்துவிடுவோமோ என்று பேச ஆரம்பிப்பார்கள். சனிக்கிழமை காலை ரயிலில் மூட்டை முடிச்சோடு ஏறுவார்கள். ஜனநாயகம் முடிந்த பிறகு திரும்பி வருவார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. இதற்கு நம் ஊரில் பட்டணம் பார்க்கப் போவது என்று பெயர்.

உன் அப்பாவுக்கு அழகான கையெழுத்து என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூட வாத்தியார், கோயிலுக்குத் தவறாமல் வருகிறவர், யாரிடமும் வம்புக்குப் போகாதவர். இப்படிப்பட்டவரைத்தான் ஓட்டு மேசையில் உட்காரவைக்கத் தேடுவார்கள். பெயர் கூப்பிட்டதும் பட்டியலில் ஒரு குறி போடவேண்டும். சாயந்திரம், எல்லாம் முறைப்படி நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். முறைப்படி நடந்ததா என்று பார்ப்பது அந்த வேலையில் சேராது. நாம் பட்டணம் போனது ஒரு தேர்தலின்போது; அதற்கு முந்திய தேர்தலில் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தபோது உன் தாத்தா ஞானப்பிரகாசத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாத்தாவை அடக்கம் செய்து பல வருஷம் ஆகியிருந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிற வழக்கம் இங்கே இல்லை; பெரியவர்கள்மேல் அவ்வளவு மரியாதை. எவனோ ஒருவன் வந்து தாத்தாவாக ஓட்டுப் போட்டுவிட்டுப் போனான். உன் அப்பா குறி போட்டார். சாயந்திரம் கையெழுத்தும் போட்டார். வீட்டுக்கு வந்தவர் வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு நாம் எல்லாரும் போனோம். அவர் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொன்னேன். “எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வர்றது? நீங்க போயி ஏத்திட்டு வாங்க” என்றார். மெழுகுவத்தியை ஏற்றியது நீதான்.

அடுத்த தேர்தல் வந்ததும், “இந்தத் தடவ நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். பெரிய பேச்செல்லாம் இல்லை. நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒருவர் போன தடவை மேசையில் உட்கார்ந்து மாட்டேன் என்று சொன்னார். அந்த வாரமே அவர் கொட்டகை எரிந்தது. மின்னல் விழுந்தது என்று போலீசார் எழுதிக்கொண்டு போனார்கள். அப்போது கோடைக்காலம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆகையால் முடியாது என்று சொல்ல வழியில்லை. கையெழுத்துப் போட்டால் இந்த மனிதர் தம் அப்பாவின் கல்லறைத் தோட்டத்துக்குள் இனி எப்போதும் கால் வைக்கமாட்டார். இரண்டும் வேண்டாமென்றால் அன்றைக்கு ஊரில் இருக்கக்கூடாது. அப்படித்தான் நமக்கும் பட்டணம் பார்க்கும் ஆசை வந்தது.

திட்டம் எப்படிப் போடுவது என்று கேட்டாய். நன்றாகக் கேட்டாய், நான் அதை நன்றாகச் செய்தேன். குடும்பத்தாரிடம் சொல்வதற்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லவேண்டும். எந்த எந்த இடம் பார்க்கலாம் என்று அவர்களிடமே யோசனை கேட்கவேண்டும், ஏற்கெனவே போய் வந்தவர்கள் அளந்து விடுவதைப் பொறுமையாகக் கேட்கவேண்டும். வாங்கி வரச் சொல்வதையெல்லாம் மறுக்காமல் வாங்கி வருகிறேன் என்று ஒத்துக்கொள்ளவேண்டும். வளையலும் ரிப்பனும் வாங்கி வருகிறேன் என்று சொன்னவள் திரும்பி வராமல் போகமாட்டாள் என்று தெரு நம்பும். கோழிகளை எதிர்வீட்டில் விட்டேன். மாடியில் வடகம் பிழிந்து காயப்போட்டேன். ஓடிப்போகிறவர்கள் வடகம் காயப்போட்டுவிட்டுப் போவதில்லை. செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்று அந்த ஊரார் சொல்லும் காட்சிச் சாலையும் மிருகத் தோட்டமும், மீன்களைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டிருக்கும் இடம், துறைமுகம், சாந்தோம் கோயிலில் பூசை என்று எழுதி, எதற்குப் பிறகு எது, எங்கே டிராம் ஏறுவது என்பது வரை குறித்துச் சுவரில் ஒட்டினேன். நீ அதைத் தினம் வாசித்து மனப்பாடம் செய்தாய். தங்குவதற்குப் புரசைவாக்கத்தில் என் சித்தப்பா மகள் வீடு. அப்பாவுக்குக் கண் மங்குகிறது, அங்கே கண் டாக்டரிடம் காட்டவேண்டும் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டேன். பொய் முழுப் பொய்யாக இருக்கக்கூடாது. அவருக்குக் கண் உண்மையிலேயே கொஞ்சம் மங்கல்தான்.

வியாழக்கிழமை சாயந்திரம் மாணிக்கம் மேஸ்திரி வந்தார். மில்லில் ஆள் கட்டி மேய்ப்பது அவர் தொழில்; தேர்தல் சமயத்தில் பெரிய வீட்டுக்காக அதே தொழிலை மில்லுக்கு வெளியே செய்வார். ‘பெரிய வீடு’ யாருடையது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, உன் ஊரிலும் ஒன்று இருக்கும். நீ அவரை நல்ல மனிதர் என்று இன்றைக்கும் சொல்கிறாய். நடத்தையில் அவரைப்போல் நல்லவர் கிடைக்கமாட்டார். செருப்பை வெளியே விட்டார். சுவரில் ஒட்டியிருந்த திட்டத்தை முழுவதும் வாசித்தார். காப்பி கொடுத்தேன், சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார். என்னை மதாம், உன் அப்பாவை முசே என்று பிரெஞ்சு மரியாதையோடுதான் எப்போதும் பேசுவார்.

“போறது நல்லதுதான் மதாம். புள்ளைங்க நாலு எடம் பாக்கணும். முசே மட்டும் ஞாயித்துக்கெழம இருக்கட்டும். திங்கக்கெழம காலம்பர நானே வண்டி ஏத்தி உடறேன்.”

கண் டாக்டர் சனிக்கிழமைதான் பார்க்கிறார், விட்டால் பிறகு மாதக்கணக்கில் ஆகும், எழுத்தே சரியாகத் தெரிவதில்லை என்று நான் ஆரம்பித்தேன். அவர் காப்பியைக் குடித்து முடிக்கிற வரை கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேலி கொஞ்சமும் இல்லாமல், உண்மையாகவே புரியாதவர் போல் கேட்டார்:

“கையெழுத்துப் போடறதுக்குக் கண்ணு எதுக்கு மதாம்?”

நான் கான்வென்டில் படித்தவள். மனித உரிமைகளைப் பற்றிப் பிரெஞ்சில் எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன். நம் ஊர் அரசியலை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மேஸ்திரி எழுந்தார், உன் தலையைத் தடவினார், வாசல்வரை போய்த் திரும்பி, வடகம் காய்கிறதே, மழை வந்தால் யார் எடுப்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனாலும் சனிக்கிழமை நான்கு பேராகத்தான் ஸ்டேஷனுக்குப் போனோம். டிக்கெட் கையில் இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டால் எல்லை பக்கம்தான் என்று நான் கணக்குப் போட்டேன். மேஸ்திரி பிளாட்பாரத்தில் இரண்டு ஆட்களோடு நின்றிருந்தார். நம் மூட்டையை அவரே வாங்கி உள்ளே வைத்தார். உனக்குப் பிஸ்கோத்து வாங்கிக் கொடுத்தார், அது உனக்கு ஞாபகமிருக்கிறது. உன் அப்பா உள்ளே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் உன் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு மனதுக்குள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினேன். மேஸ்திரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உன் தோளில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னதை நீ வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாய்.

“முசே எறங்கலன்னா பரவால்ல. நானும் ஏறிடறேன். எனக்குந்தான் பட்டணம் பாத்த மாதிரி இருக்கும். தம்பிய நான் பாத்துக்கறேன், எல்லா எடத்துக்கும் கையப் புடிச்சிக் கூட்டிப் போறேன்.”

உன் அப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை மறந்துவிட்டது என்று சொல்லி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உன்னிடம், “நல்லாப் பாத்துட்டு வா. வந்து எனக்குச் சொல்லணும்” என்றார். என் பக்கம் குனிந்து, பிள்ளையைப் பார்ப்பவர் போல, “எல்லாத்தயும் காட்டு. ஒண்ணயும் உடாத. திங்கக்கெழமைக்கு முன்னாடி வராத” என்றார். இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்தபோது மேஸ்திரி நமக்குக் கையாட்டினார், உன் அப்பா ஆட்டவில்லை. எல்லையில் சுங்கக்காரர்கள் ஏறி, மலிவாக வாங்கிய பட்டும் சாராயமும் கடத்துகிறோமா என்று மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்கள். ஒருவர், என்னம்மா முகம் வெளுத்திருக்கிறது, எங்கே ஒளித்திருக்கிறாய் என்று கேட்டார். பட்டணம் பார்க்கப் போகிறோம் என்றேன். நாட்காட்டியைப் பார்த்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே, தம்பி, உன் வாழ்நாளில் மிகச் சந்தோஷமான அந்த நாட்களில் நான் என்ன பார்த்தேன் என்று இப்போது சொல்கிறேன். சாந்தோமில் காலைப் பூசை பார்த்தேன். நற்கருணை வாங்கும்போது, இந்நேரம் ஊரில் ஓட்டுப் பெட்டியைத் திறந்து காலியாக இருக்கிறதென்று காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து செத்த காலேஜுக்குப் போனோம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்று நீ என்னைக் கேள்வியால் துளைத்தாய்: இது எப்படிச் செத்தது, இதற்குக் கோபம் வருமா, வேதத்தில் வரும் அந்தத் தீர்க்கதரிசி இதன் வயிற்றில்தான் இருந்தாரா. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேட்காதே. அந்தக் கட்டடம் முழுவதும் செத்துப் பாடமாகி நின்ற எல்லாவற்றுக்கும் கீழே பெயர் எழுதி வைத்திருந்தார்கள். நம் ஊராக இருந்தால் அவற்றுக்கு ஓட்டும் இருந்திருக்கும் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. நின்றபடியே சிரித்தேன், நிறுத்த முடியவில்லை, உன் தங்கச்சி பயந்து அழுதாள். நீ மட்டும், அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று கூடச் சேர்ந்து சிரித்தாய்.

பிற்பகலில் மிருகத் தோட்டம். கரடிக் கூண்டுக்கு முன்னால் நம் ஊர் வக்கீல் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர், மனைவி மக்களோடு நின்றிருந்தார். கரடியை அவர் பார்த்த மாதிரி அதை ஈன்ற தாய்கூடப் பார்த்திருக்காது. என்னைக் கண்டதும் தொப்பியை எடுத்து வணங்கினார். பிள்ளைகளுக்கு லீவு என்றார். எங்களுக்கும்தான் என்றேன். முசே எங்கே, முன்னால் போகிறாரா என்று கேட்டார். ஊரில் வேலை இருக்கிறது என்றேன். அவர் முகத்திலிருந்த மரியாதை அப்படியே இரக்கமாக மாறியதை நான் பார்த்தேன். மறுபடி கரடியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் கேட்டிருக்கலாம், அவர் காதுக்கு ஏதாவது வந்திருக்கும். கேட்கப் பயமாயிருந்தது. அங்கிருந்து உங்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கால் வலிக்கிறது என்று நீ சொன்ன பிறகும் நடத்தினேன். நின்றால் எனக்கு யோசனை வந்துவிடும். ஒன்று, அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் ஒரு பிணத்தோடு இனி நான் குடித்தனம் செய்யவேண்டும். இல்லையென்றால் போடவில்லை, வீட்டில் உண்மையாகவே ஒரு பிணம் கிடக்கிறது. அன்று முழுவதும் இந்த இரண்டில் எது தேவலை என்று யோசித்தேன். எதை நான் விரும்பினேன் என்பதை உனக்குச் சொல்லமாட்டேன், உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் வந்து சேர்ந்தோம். நம் வீட்டுக் கதவு தெருவில் படுத்துக்கிடந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் மூடியிருந்தது, நம் வீட்டில் மட்டும்தான் மூடுவதற்குக் கதவில்லை. உள்ளே உன் அப்பா விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கதவுமேல் விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னார். கதவும் அதற்கு ஏற்ற மாதிரிதான் கிடந்தது. பிறகு, சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு, “ம், சொல்லு. என்னென்ன பாத்த?” என்றார். நீ திமிங்கிலத்தில் ஆரம்பித்தாய். அது எவ்வளவு நீளம் என்று காட்டக் கூடத்தில் நடந்து, இடம் போதாமல், கதவில்லாத வாசல் வழியாகத் தெருவுக்கே போய்விட்டாய். அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். பல் இருந்ததா என்று கேட்டார். வால் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கேட்டார். பேசும்போது உதட்டிலிருந்து ரத்தம் வந்தது, மேல்துண்டால் ஒற்றிக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டார். நான் அடுப்பங்கரையில் நின்று ரசத்துக்குப் புளி கரைத்தேன். அவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை.

அதை எனக்குச் சொன்னவர் அருளப்பன். செவ்வாய்க்கிழமை காலையில் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு, கூப்பிடாமலே வந்து நம் கதவைப் பொருத்திக் கொடுத்தாரே, அவர்தான். முதலியார்பேட்டைக்காரர், மில்லில் வேலை, அப்போதுதான் மீசை அடர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரைப்போல நாற்பது ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு பெயர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யாருடைய பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்பதும் வழக்கமில்லை. மேசையிலிருந்து ஞானப்பிரகாசம் என்று கூப்பிட்டார்கள். நான்தான் என்று அருளப்பன் போய் நின்றார்.

“முசே எழுந்து நின்னுட்டாரு மதாம். பேனாவ கீழ வச்சாரு. வாங்கப்பான்னாரு. எனக்கு வெளங்கல. நிக்காதீங்க, ஒங்களுக்குக் கால் வலிக்கும், உக்காருங்கன்னு சொல்லி அவரு நாற்காலிய இழுத்துப் போட்டாரு. உக்காந்துட்டேன். அங்க அம்மாவ பாத்தீங்களா, நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு.”

வெளியே யாரோ சிரித்தார்கள் என்றார் அருளப்பன். உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி, ‘முசே, வெளையாட்டு வேணாம்’ என்று வாசலில் நின்றபடி சொன்னார். உன் அப்பா விளையாடவில்லை. நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார். நம் வீடுகளில் பிள்ளைகள் தூரப் பயணம் போகும்போது அப்பாவின் முன் மண்டியிட்டு, நெற்றியில் சிலுவை போடச் சொல்லிக் கேட்பதில்லையா, அப்படி, ‘சிலுவ போடுங்கப்பா’ என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அருளப்பனும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். அடுத்தவன் பெயரில் ஓட்டுப் போடலாம், அதற்குக் கூலி உண்டு. அடுத்தவன் பெயரில் சிலுவை போட அவரால் முடியவில்லை. போடாமல் எழுந்து போகவும் முடியவில்லை. கடைசியில் போட்டாராம். உன் அப்பாவை அருளப்பன்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு ஓட்டுச் சீட்டை மேசையிலேயே போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நமக்குக் கொடுத்த பெயர் யாருடைய அப்பனுடையது, அவன் பிள்ளை இந்த அறையில் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் முதல்முதலாக அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒவ்வொருவராக வெற்றிலை போடப் போய்விட்டார்கள்.

இதனால் தேர்தல் முடிவு மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. மத்தியானம் பெட்டியை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், வேண்டிய அளவு நிரப்பிக்கொண்டார்கள். பெரிய வீடு ஜெயித்தது. தாத்தாவும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டதாகக் கணக்கு. உன் அப்பா கையெழுத்துப் போடவில்லை; உதடு கிழிந்தது அப்போதுதான், கதவு போனது அதற்குப் பிறகு. அவர் பெயரில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். அது பார்க்கச் சகிக்கவில்லை என்பதுதான் அந்த விஷயம் முழுவதிலும் அவர் என்னிடம் சொன்ன ஒரே குறை. மாதக் கடைசியில் அவரை ஏனாமுக்கு மாற்றினார்கள். உன்னிடம் அதைப் பதவி உயர்வு என்று சொன்னோம். கோதாவரிக் கரையில் நீ மீன் பிடித்ததும், தெலுங்கில் சண்டை போடக் கற்றுக்கொண்டதும் அந்த உயர்வினால்தான். அந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் திரும்பி வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பா எங்களுக்கு முன்னால் நடந்து உள்ளே போனார், புல்லைத் தம் கையாலேயே பிடுங்கினார். ஒரு மனிதர் செய்ததற்குக் கிடைத்தது இவ்வளவுதான். கூட்டிக் கழித்துப் பார்த்து, இது போதும், போதாது என்று நீதான் முடிவு செய்துகொள்ளவேண்டும். நான் பல வருஷமாகக் கூட்டிப் பார்க்கிறேன், ஒரு நாள் வந்த விடை அடுத்த நாள் வருவதில்லை.

அதனால் மேசையில் உட்கார் என்று உனக்கு நான் எழுதமாட்டேன். உட்கார்ந்து என்ன செய்யவேண்டும் என்றும் எழுதமாட்டேன். உன் அப்பா செய்ததை இன்னொருவர் பார்த்துச் செய்தால் அது கூத்து ஆகிவிடும். ஓடாதே என்றும் சொல்லமாட்டேன். ஓடுவதற்குத் திட்டம் போட்டவள் நான், நல்ல திட்டம், மேஸ்திரியே மெச்சினார். சனிக்கிழமை இருவருமாக ரயில் ஏறிப் பட்டணம் பார்க்க உனக்கு எல்லா நியாயமும் உண்டு. உன் பெயரில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். உன் கையெழுத்து ஒன்றும் அவ்வளவு அழகில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. எதற்குப் போகிறாய் என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டுப் போ. கரடியைப் பார்க்கத்தான் வந்தோம் என்று நம்பிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் நடந்துவர, நீ மட்டும் பயந்துகொண்டு நடப்பது சரியில்லை. நான் உங்களைச் சிரித்துக்கொண்டே நடத்திப் போனேன் என்றால் நீங்கள் பிள்ளைகள். அவள் பிள்ளையல்ல.

ஒருவேளை நீ அங்கேயே இருப்பது என்று முடிவு செய்தால், அவளைக் காரைக்காலில் வைத்திருக்காதே. சனிக்கிழமை வண்டியில் ஏற்றிவிடு. அந்த வண்டி விழுப்புரம் வழியாகத்தான் பட்டணத்துக்குப் போகிறது. நான் இங்கிருந்து போய் விழுப்புரம் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டுகிறேன், ஒன்றையும் விடமாட்டேன், திங்கட்கிழமை சாயந்திரம் வரை உட்காரவிடாமல் நடத்துகிறேன். அந்த நாள் எப்படிப் போகும் என்று தெரிந்த ஆள் ஒருத்தி அவள் பக்கத்தில் இருக்கவேண்டும். உன் அப்பாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. என் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறார்.

எந்த வண்டி என்று மட்டும் எழுது. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று எழுதவேண்டாம். இந்தக் கடிதத்தை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்; உன் பதில் தபாலில் வரும், அதைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவேண்டியதில்லை. வண்டி நின்றதும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா